முதுகில்லாத மாதா

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் இருக்கும் மாதாவுக்கு முதுகு கிடையாது. முன்னால் பார்த்தால் முழு ஆள், மடியில் உயிர் போன மகன், எல்லாம் ஒரே மரம். பின்னால் போனால் கழுத்திலிருந்து கால்வரை குடைந்த பள்ளம். திருநாளன்று சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவருவோம். அப்போது பள்ளம் தெரியாமலிருக்கச் சேலை சாத்தித் தோளில் ஊசி குத்திவிடுவது வழக்கம். பெற்ற தாயை யாராவது அப்படியே ரோட்டில் விடுவார்களா?

போன வருடம் அந்தச் சேலையை அக்கா நேர்ந்துகொண்டாள். அவள் மகன் லிந்துலையில் லொறியிலிருந்து விழுந்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த நேரம் அது. பிள்ளை பிழைத்து, நடந்தே வீடு வந்தான். அக்கா ஊதா நிறத்தில் சேலை எடுத்து வைத்தாள்.

திருநாளுக்கு முந்தின வாரம் ஃபாதர் ஒரு ஜெர்மன்கார அம்மாவைக் கூட்டிவந்தார். பழைய சுரூபங்களைப் பழுதுபார்ப்பவராம். ஆங்கிலம் படிப்பிக்கிறேன் என்பதால் என்னை மொழிபெயர்க்கப் பிடித்துப் போட்டார்கள்.

இது தங்கள் நாட்டு வேலை, ஐந்நூறு வருடமாவது இருக்கும் என்றார் அந்த அம்மா. அங்கே சுவரோரமாக நிறுத்துவார்களாம், பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. நடுமரத்தை விட்டுவைத்தால் காயும்போது வெடித்துவிடும் என்று குடைந்து எடுத்துவிடுவார்களாம். தோளில் ஊசி ஓட்டைகளைத் தடவியதும் அவர் முகம் சுண்டிப்போனது. இனி ஊசி கூடாது, சேலை கட்டக் கூடாது, மழையில் வெளியே தூக்கவும் கூடாது. ஃபாதரும் தலையாட்டிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை காலம் தாங்கிய மாதாவுக்கு என் அக்காவின் சேலைதானா பாரமாகிவிட்டது? ஆனாலும் சொல்லவேண்டியவள் நான்தானே, சேலையோடு கோயிலுக்கு வந்திருந்த அக்காவிடம் சொன்னேன்.

அக்கா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்ப என் நேத்திக்கடன்? புள்ளைக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

பிறகு அவளே சேலையை மடித்துக்கொண்டு சுரூபத்துக்குப் பின்னால் போய், அந்தப் பள்ளத்துக்குள் மெதுவாக வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? அங்க வச்சா யாருக்குத் தெரியும்?"

"தெரிய வேணாம். செத்த புள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க முன்னால நின்னு, எம்புள்ள பொழச்சிட்டான்னு சேலய எப்படிடீ காட்டுறது? எனக்கு மொதல்லயிருந்தே கூச்சமாத்தான் இருந்துச்சு."

அக்கா என்ன சொல்கிறாள் என்று ஜெர்மன்கார அம்மா கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் பின்னால் போய்ப் பார்த்தார். திருநாள் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றார்.