சுரபுன்னைச் சாறும் கதிர்வேலுவும்

கதிர்வேலு இறந்த செய்தியை எனக்குச் சொன்னது எங்கள் இருவரிடமும் படித்த ஒரு மாணவி. மின்சாரம் இல்லாத மதிய வேளை. சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். "சார், கதிர் சார் போயிட்டாரு. கடலூர்ல, காலையில. ஹார்ட் அட்டாக்" என்றாள். பிறகு அழுகை மட்டும் கேட்டது. தொலைபேசியைக் காதில் வைத்தபடி, என்னைப் பற்றி இப்படியொரு செய்தி போகும் நாளில் இவள் இவ்வளவு அழுவாளா என்று நினைத்தேன். அழமாட்டாள் என்றே தோன்றியது.

துறையின் நினைவு மலருக்கு எழுதும் கட்டுரையில் இதைச் சொல்வது தேவையா என்று பலமுறை யோசித்தேன். இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள். ஆகவே மறைப்பதில் பொருளில்லை. அவரோடு வேலை பார்த்த காலம் முழுவதும் அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது.

ஒரே ஆய்வகம், எதிரெதிர் மேசைகள். நான் காலையில் அவருக்கு முன்னால் வந்து, மாலையில் அவருக்குப் பின்னால் போவேன். அவர் வந்தால்தான் ஆய்வகம் திறந்தமாதிரி இருக்கும். கேன்டீன்காரர் அவருக்கு மாமா, அலுவலக ஓட்டுநர் மச்சான். கதிர்வேலு என்னை மட்டும் 'சார்' என்பார். அது மரியாதையா விலக்கமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கடலூர்க் கடலோரத்து மீனவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள். ஆனாலும் மேடையில் பேசச் சொன்னால் எழுதிவைத்ததைப் படிக்கத்தான் எனக்கு வரும். அவர் மீன் விற்பதுபோல் பேசுவார்; கூட்டம் நகராது.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது சுரபுன்னை மரத்தின் பட்டை. கிள்ளைப் பக்கத்து உப்பங்கழிக் காட்டிலிருந்து அனுமதி வாங்கிக் கொஞ்சம் பட்டை கொண்டுவந்து, சாறு இறக்கி, புற்றுச் செல்களின்மேல் விட்டுப் பார்த்தார். புற்றுநோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் கட்டி அல்ல. அங்கிருந்து செல்கள் நகர்ந்து வேறிடத்தில் போய்க் குடியேறுவதுதான். அந்த நகர்வைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தட்டில் செல்களை நெருக்கமாக வளர்த்து நடுவில் ஒரு கோடு கீற வேண்டும். மறுநாள் பார்த்தால் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். கதிர்வேலுவின் சாறு விட்ட தட்டுகளில் கோடு அப்படியே இருந்தது.

சுனாமிக்குப் பிறகு அந்தக் காட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஊர்களைக் காப்பாற்றிய மரம் புற்றுநோயையும் தடுக்கிறது என்றால் கேட்கவேண்டுமா? படத்தோடு செய்தி வந்தது. பெண்ணாடத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் மருத்துவமனைச் சீட்டுகளோடு வந்து வாசலில் காத்திருந்தார்கள். சிலர் வெறும் பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். என் மேசையைத் தாண்டித்தான் அவரிடம் போவார்கள். "கதிர் சார் எங்கங்க?" என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"இது தட்டுல நடக்குறதுங்க, ஒடம்புல இல்ல. ஆஸ்பத்திரிய விட்டுடாதீங்க" என்று அவர் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். ஒருவரை மட்டும் அனுப்ப முடியவில்லை. அவருடைய அக்கா அஞ்சலை. மார்பில் கட்டி. புதுச்சேரியில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த அம்மாள் போக மறுத்துவிட்டார். தம்பி மருந்து கண்டுபிடித்திருக்கும்போது கத்தி எதற்கு என்பது அவர் கேள்வி.

ஒரு மாலை கதிர்வேலு என் மேசைக்கு வந்து நின்றார். "சார், குடுத்துப் பாக்கலாமா?"

என்னிடம் அவர் ஆலோசனை கேட்டது அதுதான் முதல்முறை. வழக்கம்போல, "இன்னொரு தரம் நான் செய்து பார்க்கிறேனே" என்றேன்.

சுரபுன்னைப் பட்டையில் துவர்ப்புப் பொருள் அதிகம். தோல் பதனிட உதவுகிற வகை. எதைத் தொட்டாலும் அதை இறுக்கிவிடும். சாற்றிலிருந்து அதைமட்டும் நீக்கிவிட்டு, தட்டுகளில் மறுபடி கோடு கீறினேன். மறுநாள் கோடு மூடிக்கிடந்தது. ஏதோ பிசகு என்று எண்ணித் திரும்பத் திரும்பச் செய்தேன். மூடிக்கொண்டேதான் இருந்தது. செல்களை நிறுத்தியது மருந்தல்ல, துவர்ப்பின் இறுக்கம்தான். அவரை அழைத்து நுண்ணோக்கியைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். மகிழ்ச்சி கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லவேளை, குடுக்கல" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத் துறைக் கூட்டத்தில் அவரே எழுந்தார். "எங்கப்பா இந்தப் பட்டைய வேகவெச்ச தண்ணியிலதான் வலைய ஊறப்போடுவாரு. நூலு வெறச்சு நிக்கும், மக்காது. அதே வேலைய நான் செல்லுக்குச் செஞ்சுட்டு, பரவாம தடுத்துட்டேன்னு எழுதியிருக்கேன். வலைக்காரன் மவனுக்கே இது தெரியலன்னா எங்க போய்ச் சொல்றது?" சிரிப்பும் கைதட்டலும் அடங்கச் சிறிது நேரம் ஆனது. "கண்டுபுடிச்சது சாருதான்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். நான் குனிந்துகொண்டேன். மறுநாள் முழுவதும் பேச்சு, கதிர்வேலுவின் நேர்மையைப் பற்றி. பிசகியவருக்குப் பாராட்டு, பிசகைக் கண்டவனுக்குக் கேன்டீனில் ஒரு காபி, அதையும் அவரே வாங்கித் தந்தார். "செல்லு பொய் சொல்லாது சார். நாமதான் அதுக்குப் பேச்சு சொல்லிக் குடுத்துடறோம்" என்றார். அந்த வாக்கியத்தையும் மாணவர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அக்காவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்குக் கடலூர் போயிருந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். ஓரமாக நின்ற என்னை யாரோ அஞ்சலை அம்மாளிடம் அழைத்துப்போனார்கள். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதிர் மேசை சாரு நீங்கதானா? தம்பி சொன்னத வெச்சு ஆளு பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன். காத்தடிச்சா பறந்துருவீங்க போல."

கைகூப்பினேன். அவரே தொடர்ந்தார்.

"நான் ஆபரேசனுக்கு ஒத்துக்கவே இல்ல. மருந்து குடுக்க மாட்டேங்கறியேன்னு அவன்கிட்ட சண்ட. அப்பத்தான் சொன்னான். 'என்னை நம்பாதக்கா, நான் அவசரக்காரன், தப்பு பண்ணிட்டேன். எங்க சாரு இது மருந்து இல்லன்னு சொல்றாரு. அவரு நாலு தடவ பாக்காம வாயத் தொறக்க மாட்டாரு. அவர நம்பு'ன்னான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. போய்ப் படுத்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இருக்கேன். அவன் போயிட்டான்" என்றார்.

என் தயக்கத்தை நான் என்றும் குறையாகவே எண்ணியிருந்தேன். அதைக் கதிர்வேலு தன் அக்காவிடம் சாட்சியாக வைத்திருக்கிறார். இதை என்னிடமே அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெதுவாக, முறையாக யோசித்துப் பார்த்தேன். அவருடைய பேச்சு, வாசலில் நின்ற கூட்டம், பத்திரிகைப் படம், மாணவியின் அழுகை. இவற்றின் மேலிருந்த பொறாமையில் பெரும்பங்கு போய்விட்டிருந்தது. ஒன்று மட்டும் போகவில்லை. தன்னையே உலகமாக நம்பியிருக்கும் ஒருத்தியிடம், அவள் பிழைக்க வேண்டும் என்பதற்காக, 'என்னை நம்பாதே' என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அவருக்கு வந்தது. அந்தப் பொறாமையை அவர் நினைவாக வைத்துக்கொள்கிறேன்.