மழை பெய்த மறுநாள் ஓடும் வண்டி

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தரை ஓட்டவிடத் தெரிந்தவர் லட்சத்தில் ஒருத்தர். பிரேக் அக்கா அந்த ஒருத்தி. இல்லை என்பவர்களை அவளுடைய வண்டியில் ஒரு சுற்று ஏற்றிவிட்டால் போதும், இறங்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள்.

பயிற்சி வண்டியாதலால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக்கும் சேர்ந்து இறங்கும். முதலில் மிதிப்பாள், பிறகுதான் திட்டுவாள். பேர் அப்படித்தான் வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பால் வேன் ஓட்டினாள், ரொட்டி வேன் ஓட்டினாள், பிறகு அண்ணனைப் பாதிப் பங்குக்குச் சேர்த்துக்கொண்டு இந்த வண்டியை வாங்கிப் பயிற்சிப் பள்ளி வைத்தாள். வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மாலையானால் வண்டியைப் பின்னோக்கியே ஷெட்டில் விடுவாள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும், அவ்வளவுதான். தெருவே வேடிக்கை பார்க்கும் வித்தை அது.

அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் சீக்கு வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளிவிட்டால் ஓடும். நாலைந்து நாள் ஒழுங்காக இருக்கும், திரும்பவும் படுத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றினாள். புதுசும் அதே ஒப்பாரி வைத்தது. ஓட்டுநர் தேர்வு அன்றைக்கே ஒருமுறை வண்டி படுத்துவிட, அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த தையற்காரி ஒருத்தியின் முறை கைநழுவிப் போயிற்று. அண்ணன் கொதித்துவிட்டார்.

"இங்க பாரு, அடுத்த தேர்வு வெள்ளிக்கிழமை. அன்னிக்கும் இது படுத்துச்சுன்னா, வித்துடறேன். கேக்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கு."

"வண்டி வித்தா நான் என்னத்த ஓட்டக் கத்துக்குடுக்கறது? கட்டிலையா?"

"கட்டில் காலையில டிக்குன்னு நிக்காதுல்ல!"

வண்டி போனால் பள்ளியும் போச்சு. அது அண்ணனுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனாள். தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பான், வாய் அதைவிடப் பெரிசு. மீட்டரை வைத்துப் பார்த்தான். சார்ஜ் ஏறுகிறது. எங்கும் கசிவில்லை. ஒரு ராத்திரி தன் பட்டறையிலேயே போட்டுவைத்தான். காலையில் தொட்டதும் உறுமியது.

"அக்கா, டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி. உங்க வீட்லதான் ஏதோ கோளாறு."

"என் வீட்ல கோளாறு எங்கண்ணன் ஒருத்தர்தான். அவர் பேட்டரியக் குடிக்க மாட்டார்."

அக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயத்தில் அல்ல, ஆர்வத்தில். எந்த நாள் நிற்கிறது, எந்த நாள் ஓடுகிறது என்று மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். பாத்திரம் துலக்கும்போது சட்டென்று பிடிபட்டது. மழை பெய்த மறுநாளெல்லாம் வண்டி ஓடியிருக்கிறது! வெயில் காய்ந்த மறுநாள்தான் நின்றிருக்கிறது.

போனில் சொன்னதும் எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஈரம் பட்டாத்தான்க்கா கரண்டு கசியும். உங்க வண்டி தலைகீழாப் பொறந்ததா?"

"சிரிச்சது போதும். நாளைக்குக் காலையில நீயே வீட்டுக்கு வா. இன்னிக்கு மழையில்ல, எப்படியும் நிக்கும். நிக்கும்போது வந்து பாரு."

சொன்னபடியே நின்றது. வியாழக்கிழமை அது. எலக்ட்ரீஷியன் முழு சார்ஜுள்ள பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் இடையில் ஒரு சின்ன பல்பைக் கோத்தான். சாவி அணைந்திருக்கிறது, கதவுகள் சாத்தியிருக்கின்றன. ஒன்றும் ஓடாத வண்டியில் அந்த பல்பு எரியக் கூடாது. அதுவோ கல்யாண வீட்டு விளக்குமாதிரி எரிந்தது.

"அடிப்பாவி!" என்றான் வண்டியைப் பார்த்து.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்பச் சொருகினான். ரேடியோவுக்குப் பல்பு அசையவில்லை. ஹாரனுக்கும் அசையவில்லை. அடுத்ததைப் பிடுங்கியதும் பொசுக்கென்று அணைந்தது.

"பிரேக் லைட்டு, அக்கா! யாரு பிரேக்க மிதிச்சுட்டு இருக்கா?"

"பேயா? உள்ள ஈ காக்கா இல்லையே!"

ஃபியூஸைத் திரும்பச் சொருகி, பல்பைக் கழற்றி வயரை நேராக மாட்டச் சொல்லிவிட்டு அக்கா ஷெட்டின் மூலைக்கு ஓடினாள். சுவரில் கன்னத்தை ஒட்டி அந்தக் கையகல இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தாள். சுவர் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். வித்தை காட்டி அவள் வண்டியை விட்ட இடத்தில் எந்த மனிதக் கண்ணுக்கும் அது தெரிய வழியில்லை.

திரும்பி வந்து, பல்பைப் பழையபடி கோக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தன் பக்கத்துக் காலடியைப் பார்த்தாள். கூரைமேல் வைக்கும் 'பயிற்சி வண்டி' பலகை அங்கே நின்றிருந்தது. தெருப் பையன்கள் கழற்றிப்போய் விளையாடுகிறார்கள் என்று தினமும் மாலையில் எடுத்து அங்கேதான் சாய்த்துவைப்பாள். அது சாய்ந்திருந்தது அவளுடைய பிரேக்மேல். மழை நாளில் பலகை நனைந்திருக்கும். உலரட்டும் என்று வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவாள். பட்டறையில் அது கூரையிலேயே இருந்தது.

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கு தப்பும் என்று, இறக்கியிருந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுப் பலகையைத் தூக்கினாள். பல்பு அணைந்தது. வைத்தாள், எரிந்தது. தூக்கினாள், அணைந்தது. குழந்தைமாதிரி இன்னும் இரண்டு தடவை செய்துபார்த்தாள்.

"போதும்க்கா, பேட்டரி தீந்துடும்," என்றான் எலக்ட்ரீஷியன். "பல வண்டி பாத்திருக்கேன். பலகை பிரேக் போட்ட வண்டிய இப்பத்தான் பாக்கறேன்."

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இனிமே வண்டிய மூக்கு சுவரைப் பாக்க நிறுத்து. லைட்டு எரிஞ்சாத் தெருவுக்காவது தெரியும்," என்றார்.

"பலகைய வீட்டுக்குள்ள வச்சாச்சுன்னா லைட்டு ஏன் எரியுது? என் ரிவர்ஸ மட்டும் தொடாதீங்க."

அன்று மாலை மழை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் காபி டம்ளரோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். தையற்காரி பின் இருக்கையில் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான்தாம்ப்பா. அந்த வண்டி... இல்ல, இல்ல, விலைக்கில்ல. வேற எடத்துல பாத்துக்கோ."