பூசைக்குப் போன திறப்பு

பராசக்தி வளர்ந்தபின் எந்தத் தெய்வத்தையும் நம்பமாட்டாள் என்று தெரிந்திருந்தால், வீட்டார் அவளுக்கு வேறு பெயர் பார்த்திருப்பார்கள். புத்தூர்க்காரி. நாற்பத்தாறு வயது. பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒழுங்காகக் கை கழுவத் தெரியாதவர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள். கை கழுவுவது அவளுடைய தொழிலில் பாதி. மற்றப் பாதி, மனிதத் தோல் வளர்ப்பது.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தரும வைத்தியசாலையின் பின்பக்கம், சமையலறைக்கும் சலவை அறைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய ஆய்வுகூடம். நெருப்பில் வெந்தவரின் நல்ல தோலில் தபால் முத்திரையளவு துண்டொன்றை வெட்டி அவளிடம் கொடுப்பார்கள். அவள் அதைக் கலம் கலமாகப் பிரித்து, தட்டைப் போத்தல்களில் இட்டு, இளஞ்சிவப்புத் திரவத்தை உணவாக ஊற்றி, உடற்சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் வைப்பாள். மூன்று கிழமையில் காய்ச்சிய பாலின் ஆடைபோல மெல்லிய விரிப்பொன்று எழும். கேட்க இலகுவாகத்தான் இருக்கும். ஒரு தும்மல் போதும், எல்லாம் பூஞ்சணம்.

கலங்களோடு அவள் கதைப்பாள். பாசத்தோடு என்று சொல்ல முடியாது.

"பெருகுங்கோ, மூதேவியளே. சாப்பிட மட்டும் வாய் திறக்கிறியள்."

அந்த ஒக்டோபரில் அவள் திட்டிக்கொண்டிருந்தது கொழும்புத்துறைச் சுதாகரனின் தோலை. படகில் எரிபொருள் தீப்பற்றி, கழுத்திலிருந்து முழங்கால் வரை முன்பக்கம் முழுவதும் வெந்துபோயிருந்தான். எடுத்து ஒட்டக்கூடிய தோலையெல்லாம் எடுத்து ஒட்டியும் நெஞ்சும் வயிறும் திறந்தே கிடந்தன. கிருமி உள்ளே போனால் ஆள் தப்பமாட்டான் என்று சத்திர சிகிச்சை நிபுணர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வளர்ப்பதற்குக் கடைசியாக வெட்டிய முத்திரைத் துண்டு அவன் உட்காரும் இடத்திலிருந்து வந்தது. வார்ட்டுக்கு இது தெரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்:

"தம்பி, இனி நீ நெஞ்சை நிமித்திக்கொண்டு போனால் சனம் முகத்தைத் திருப்பும்."

விரிப்பு ஒட்டும் நாள் விஜயதசமி காலை ஒன்பது மணி என்று குறித்தாயிற்று. நல்ல நாள் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை நடக்கும் வாணி விழா என்பதைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

வைத்தியசாலை நிருவாகி நாகலிங்கம் எதையும் குறையில்லாமல் செய்பவர். சரஸ்வதி பூசையில் வைத்த ஆயுதங்களை மறுநாள் காலைவரை எவரும் தொடக்கூடாது. ஒவ்வொரு அறையிலும் போய் ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் பூச நேரமில்லாததால், இந்த முறை அவருக்கு ஒரு புத்தி வந்தது. அறைப் பூட்டுகளின் திறப்புகளை எல்லாம் சேர்த்துப் பூசையில் வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனையும் வைத்த மாதிரித்தானே? வாணி விழா அன்று மத்தியானம் பராசக்தி ஆய்வுகூடத்தைப் பூட்டி, திறப்பை நாகலிங்கத்தின் கந்தோர்ப் பலகையில் கொழுவிவிட்டுச் சாப்பிடப் போனாள். புட்டும் மீன் குழம்பும் முடித்துத் திரும்பி வந்தபோது பலகையில் ஆணிகள் மட்டும் இருந்தன.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்குபேட்டர் கூவிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்: காபனீரொட்சைட்டு உருளை முடிந்துவிட்டது. அந்த வாயு இல்லாவிட்டால் இளஞ்சிவப்புத் திரவம் ஊதாவாக மாறும். ஊதாவில் சில மணி நேரம் கிடந்தால் தோல் செத்துவிடும். நாளை காலைவரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் பூசை நடந்த மண்டபத்துக்கு ஓடினாள். ஐயர் மணி அடித்துக்கொண்டிருந்தார். நாகலிங்கம் பட்டு வேட்டியோடு முன்வரிசையில்.

"சேர், என்ரை திறப்பு."

"பூசை நடக்குது, பராசக்தி."

"அந்தக் கதவின்ரை மற்றத் திறப்பு?"

"அதுவும் பூசையிலைதான். ஒண்டை வைச்சு மற்றதை விட்டால் வாணி என்ன நினைப்பா?"

"உள்ளை சுதாகரன்ரை தோல் சாகுது, சேர்."

"நாளைக்கு ஏழே முக்காலுக்கு முகூர்த்தம். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கேலாது. பிறகு ஒண்டு நடந்தால் நீரே பொறுப்பு?"

"ஓம், நான்தான் பொறுப்பு. இப்பவும் நான்தானே."

ஐயர் மணியை நிறுத்தாமலே, "கெதியாய் ஒரு முடிவுக்கு வாங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு வங்கியும் ஒரு பள்ளிக்கூடமும் கிடக்கு," என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். சிவக்கொழுந்து, சுதாகரனின் தாய். ஒன்பது நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதமிருந்தவர். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நிருவாகி ஐயா, உந்தத் தோலுக்காகத்தானே நான் விரதம் பிடிக்கிறன். அதை உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு என்னை வெளியிலை நிண்டு கும்பிடச் சொல்லுறியளோ? பராசக்திப் பிள்ளை, நீங்கள் எடுங்கோ. வாணி கோவிச்சால் நான் கதைக்கிறன்."

நாகலிங்கம் ஐயரைப் பார்த்தார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பராசக்தி சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். நாற்பது திறப்புகள், ஒன்றிலும் பெயர்த் துண்டு இல்லை. நாகலிங்கம் எல்லாவற்றையும் புளிபோட்டு மினுக்கிச் சந்தனம் அப்பியிருந்தார். எது எவருடையது என்று சரஸ்வதிக்கே தெரியாது. பராசக்தி தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் சிவக்கொழுந்து. அவருக்குப் பின்னால், "மெல்ல, பூக் கொட்டுது!" என்று நாகலிங்கம். தீபம் காட்டுவதற்கு எதிரில் தாம்பாளம் இல்லாமல் போன ஐயரும் தட்டோடு வந்தார். சாமி வெளிவீதி வருவதாக நினைத்து, வழியில் நின்ற நோயாளிகள் கும்பிட்டார்கள். கதவடியில் அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதலாவது இல்லை. பத்தாவது பிணவறையுடையது என்று நாகலிங்கம் சொன்னார். எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்துமூன்றாவது திரும்பியது.

"ஒருத்தரும் உள்ளை வரக்கூடாது. ஐயா, தீபத்தட்டோடை நீங்களும்தான்."

முழங்கைவரை கழுவினாள். சந்தனம் போக, குங்குமம் போக, ஸ்பிரிட் போட்டு மறுபடியும் தேய்த்தாள். புது உருளையைப் பொருத்திவிட்டு, ஆறு போத்தல்களையும் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு ஊதா. நான்கு இளஞ்சிவப்பிலிருந்து மாறத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் புதுத் திரவம் மாற்றி, விடியும்வரை முக்காலியில் இருந்தாள். அந்த ஒரு முறை மட்டும் அவற்றைத் திட்டவில்லை. திட்டப் பயமாக இருந்தது.

ஊதாவான இரண்டும் செத்துத்தான் போயின. நான்கு விரிப்புகள் காலை ஒன்பது மணிக்குச் சுதாகரனின் நெஞ்சில் ஏறின.

எட்டாம் நாள் கட்டவிழ்த்தபோது பராசக்தியையும் கூப்பிட்டார்கள். அவள் வார்ட்டுக்குப் போகாதவள். கலங்களைத் தெரியும், ஆட்களைத் தெரியாது. வயிற்றின் ஒரு மூலை பிடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் ரோசா நிறத்தில், ஈரமாக, உயிரோடு இருந்தது. நிபுணர் இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, இனிக் கிருமிக்குப் பயப்படத் தேவையில்லை என்றார். சிவக்கொழுந்து சத்தமில்லாமல் அழுதார்.

"நீங்களே அக்கா என்னை வளத்தது?" என்று சுதாகரன் கேட்டான்.

"உன்னை வளத்தது உங்கை நிண்டு அழுகிறா. நான் உன்ரை தோலை மட்டும்."

"வேர்க்குமோ?"

"உதிலை வேர்க்காது. மயிரும் முளைக்காது."

"கடலுக்குப் போகலாமோ?"

"ஒரு வருசத்துக்குப் பிறகு போ. ஆனால் வெயில் படக்கூடாது."

அவன் தாயின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அம்மா," என்றான், "படகை வித்துப்போட்டுக் கூரை போட்ட கப்பல் ஒண்டு வாங்குவம்."