ரெண்டு நாயும் செத்த வாரம்

வெள்ளகோவில் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் நொச்சிக்காட்டுவலசில் ஒரு புறக்காவல் நிலையம் இருந்தது. ஒரே அறைதான். அதைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது மயிலாளின் வேலை. அதற்கு முன்பு பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் நின்றவள். கண் மங்கியதும் நிறுத்திவிட்டார்கள். ஏட்டு கிட்டுசாமிதான் இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

அங்கே போலீஸ் என்றால் கிட்டுசாமி ஒருவர்தான். ஐந்து பேர் இருக்க வேண்டிய இடம். மற்ற நாலு பேரை மயிலாள் ஒருநாளும் பார்த்ததில்லை. பதினோரு ஊருக்கு அவரும் அவருடைய சொந்த மொபெட்டும். அந்த ஒருவரையும் கோர்ட்டுக்கு, தேர்த் திருவிழாவுக்கு, மந்திரி வருகைக்கு என்று பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய ஸ்டேஷன் இழுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் சாவி மயிலாளிடம் இருக்கும். வந்தவர்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து நுழைவார்கள். துடைப்பத்தோடு நிற்கிறவளிடம் ஏட்டு எப்போது வருவார் என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் சட்டசபைத் தேர்தல் வந்தது. கிட்டுசாமி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓட்டு மெஷின்களை வைத்திருந்த கல்லூரியில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். ஓட்டுப் போட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மயிலாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ஆத்தப்பன் நின்றிருந்தார். எழுபது வயதுக்காரர். ஊருக்கு மேற்கே தனித் தோட்டத்தில் மனைவி ரங்காத்தாளோடு இருந்தார். சுற்றிலும் தென்னை. பக்கத்து வீடு என்றால் முக்கால் மைல் நடக்க வேண்டும். ஒரே மகன் தரணீதரன் டவுனில், ராயபுரத்தில் குடியிருந்து நல்லூரில் தையல் யூனிட் நடத்திவந்தான்.

"கிட்டுசாமி இல்லியாம்மா?"

"இல்லீங்க சாமி. எலெக்சன் டூட்டிங்க. ஓட்டு எண்ணி முடிச்சு வெசாழக்கெழம வந்துருவாருங்க."

அவர் உடனே போகவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு சொன்னார். வீட்டிலிருந்த இரண்டு நாய்களும் செத்துவிட்டன. ஒன்று சனிக்கிழமை, இன்னொன்று நேற்று. அதற்கு முன் வெள்ளிக்கிழமை சிவப்பு பைக்கில் இரண்டு பேர் தேங்காய் விலை விசாரிக்க வந்திருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்களாம். நாங்கள் இரண்டு பேர்தான் என்று ரங்காத்தாளும் சொல்லியிருக்கிறாள்.

அத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்தவரை வெறுமனே அனுப்ப மயிலாளுக்கு மனம் வரவில்லை.

"எலிக்கு வெச்ச மருந்தத் தின்னிருக்குமுங்க சாமி. எங்கூட்டுப் பக்கமும் போன மாசம் ஒண்ணு அப்படித்தானுங்க போச்சு."

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்படித்தான் இருக்கோணும். ரங்காத்தாதான் ஒரே பொலம்பல். சரி கண்ணு, அவரு வந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு. அவசரமில்ல."

நிலையத்துப் போன் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பெரிய ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டுமென்றால் முக்கிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும். போகலாமா என்று நினைத்தாள். நாய் செத்ததற்கா போன் செய்கிறாய் என்று திட்டுவார்களே என்றும் நினைத்தாள். பதினோரு மணிக்கு இன்னொரு வேலையாக ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போக வேண்டியிருந்தது. பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை காலை பால் கறக்கப் போன திருமூர்த்திதான் முதலில் பார்த்தவர். ஆத்தப்பன் களத்தில் கிடந்தார், ரங்காத்தாள் சமையலறையில். பீரோ திறந்து கிடந்தது.

அன்று நொச்சிக்காட்டுவலசுக்கு முப்பது போலீஸ் வந்தது. எங்கேதான் இருந்தார்களோ. ஏழு ஜீப், மோப்ப நாய், போட்டோ எடுக்கிறவர், தொப்பி வைத்த பெரிய அதிகாரிகள். நிலையத்தில் உட்கார நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்தார்கள். மயிலாள் ஐந்து முறை குடத்தை நிரப்பினாள். ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

மதியம் கிட்டுசாமி வந்தார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை மணிக்கு வந்தார் என்று மூன்று தடவை கேட்டார். அவர் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"ஆர்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. உங்களையும் சேத்து இழுப்பாங்க."

அவள் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு தினமும் காலை பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். ஆத்தப்பன் உட்கார்ந்த பெஞ்சைத் துடைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் தூசி அப்படியே படிந்தது. தெருவில் நாய் குரைத்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். குரைக்காமல் இருந்தால் கைக்கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு வெளியே போய் நிற்பாள். சாயப்பட்டறை வேலைக்குப் போய்வந்த கணவன் கன்னையன், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிக் கூட்டிவந்தான். அதற்கெல்லாம் அந்தச் சத்தம் போகவில்லை.

சிவப்பு பைக்கைப் பற்றித் தனக்கும் கிட்டுசாமிக்கும் மட்டும்தான் தெரியும் என்ற நினைப்புத்தான் அவளை அதிகம் அரித்தது. பதினேழாம் நாள் கிட்டுசாமியிடம்கூடச் சொல்லாமல் தோட்டத்துக்கு நடந்தாள். தரணீதரன் தனியாகக் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் கட்டிலுக்கு எட்டவே நின்று, அவன் அப்பா வந்ததையும் அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தாள்.

அவன் எழுந்து அவளுக்குக் கட்டிலைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

"திங்கக்கெழமயே எனக்குப் போன் பண்ணுனாருங்க. சரக்கு அனுப்பற சிப்மென்ட் நெருக்கடி, வர முடியலீங்க. பைக்குல வந்தவனுகளப் பத்தியும் சொன்னாரு. நானும் எலிமருந்துன்னுதான் சொன்னேனுங்க. புது நாய் வாங்கித் தர்றேன்னேன்."

பைக்கைப் பற்றி முதல்நாளே போலீசில் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொன்றவர்கள் கிடைக்கவில்லை. மூன்று மாதம் நிலையத்தில் நாலு போலீஸ் இருந்தது. பிறகு ஒருவர் ஒருவராக எடுத்துவிட்டார்கள். கிட்டுசாமி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பதில் வந்தவர் வாரத்தில் இரண்டு நாள் இருந்தால் பெரிது.

மயிலாள் கேன்டீன் வேலையை விட்டுவிட்டாள். கூட்டி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல், பொழுது சாயும்வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யார் வந்து என்ன சொன்னாலும் பூத்துக்குப் போய், பெரிய ஸ்டேஷனில் யாராவது எடுக்கும்வரை போன் செய்தாள். அங்கிருந்த ரைட்டருக்கு அவள் குரல் பழகிப்போய்விட்டது. சிலசமயம் எரிந்து விழுவார். ஆள் இல்லையம்மா, நான் என்ன செய்யட்டும் என்பார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாசிமாத மத்தியானம். தேவிப்பிரியா என்ற சின்னப் பெண் வந்தாள். கைக்குழந்தையோடு ஊருக்கு வெளியே காட்டு வீட்டில் இருப்பவள். புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தான். யாரோ இரண்டு நாளாக வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மயிலாள் பூத்துக்குப் போய்வந்தாள். நாளைக்குத்தான் ஆள் அனுப்ப முடியும் என்றிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதுங்களே அக்கா?" என்று தேவிப்பிரியா கேட்டாள்.

மயிலாள் நிலையத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ராத்திரி அங்கேயே தங்குவதாகக் கன்னையனுக்கு மட்டும் சொல்லிவிடும்படி பூத்துக்காரரிடம் சொல்லிவைத்தாள். பிறகு குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணோடு காட்டுவழியில் நடந்தாள்.