வெர்னா வாயை மூடிய ஞாயிறு

என் இடது காது மந்தமானதற்கு வெர்னா ஸ்டாஹுராதான் காரணம். டாக்டர் என்னமோ வயசு என்கிறார். டாக்டர் கிடக்கிறார். எங்கள் ஊர் அரங்கத்தின் வடக்கு மூலையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், வருஷக்கணக்காக வெர்னாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் பார்த்தது நானா அவரா?

வெர்னா சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டிக் கொடுக்கிறவள். அங்கே டோக்கன் எண் காட்டும் விளக்குப் பலகை ஒன்று இருந்தது. அது கெட்டுப்போனபோது முதலாளி பழுது பார்க்கவே இல்லை, வெர்னா இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார். அவள் "முப்பத்தாறு!" என்றால் ரொட்டிப் பக்கம் நிற்கிறவர்கள்கூடத் தங்கள் டோக்கனை எடுத்துப் பார்ப்பார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள்கள் வெயில் தேடி அரிசோனா போய்விட்டார்கள். கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு விட்டாள். அதில் வந்து சேர்ந்தவன்தான் கோடி லின்ஃபுட்.

கோடி எங்கள் அணியின் மூன்றாவது குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்து, மொத்த அணியையும் நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். ஆனால் அதெல்லாம் முதல் ஆளுக்கு. மூன்றாவது ஆளுக்குத் தலையில் தொப்பி, கையில் அட்டை, ஓரத்தில் நிற்கிற உத்தியோகம். இரண்டு வருஷமாக அவன் நின்றான். நெப்ராஸ்கா பக்கம் சோளக்காட்டில் வளர்ந்த பையன். பனைமரம் மாதிரி உயரம் என்று சொல்லலாம் என்றால் இங்கே பனை ஏது, விளக்குக் கம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் மட்டும் பூனைக்குட்டி.

குவார்ட்டர்பேக்குக்குக் குரல்தான் முக்கால் பங்கு. அவன் குரல் கொடுத்து எண்ணுகிற எண்ணிக்கையைக் கேட்டுத்தான் முன்வரிசைத் தடியன்கள் அசைய வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முன்னாலேயே அசைந்தாலும் நடுவர் மஞ்சள் துணியை வீசிவிடுவார், ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும். அதனால் வெர்னா தினமும் காலைச் சாப்பாட்டின்போது அவனைப் பயிற்சி எடுக்க வைத்தாள். நானும் காப்பிக்குப் போகிற சாக்கில் அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

"சத்தமா சொல்லுடா!"

"இது சத்தம்தாங்க, மிஸஸ் ஸ்டாஹுரா."

"இதுவா? என் ஃப்ரிட்ஜு இதைவிடச் சத்தம் போடும். வெளிய நிக்குது பாரு என் காரு, அதுக்குக் கேக்கணும். சொல்லு!"

அவன் காது சிவக்க இன்னொரு தரம் சொல்வான். அவள் முட்டையைப் புரட்டிக்கொண்டே, "ம்ஹூம், கேக்கல" என்பாள். நான் சிரித்தால் எனக்கும் திட்டு விழும். "நீ என்னய்யா சிரிக்கிற லெஸ்டர்? உனக்கு எதுதான் கேக்குது?"

நவம்பரில் முதல் ஆளுக்கு முழங்கால் போனது. அடுத்த வாரமே இரண்டாவது ஆளுக்குத் தோள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர் ஆட்டத்தில் கோடிதான் முதல் ஆளாக இறங்கப் போகிறான் என்று அறிவித்தார்கள். பயிற்சியாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு வேறொன்றும் சொன்னாராம். இந்த ஒரு ஆட்டம்தான், சொதப்பினால் செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவான், அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவன் இதை வெர்னாவிடம் மட்டும் சொன்னான். வெர்னா என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். அவள் ரகசியம் சொன்னால் எப்படி இருக்கும்? அரங்கத்துக்கு வெளியே கார்களுக்கு நடுவில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் மூலைக்கு ஒரு சட்டம் உண்டு. எதிராளி கையில் பந்து இருந்தால் தொண்டை கிழியக் கத்தலாம். நம் ஆள் கையில் பந்து வந்தால் மூச்சு விடக் கூடாது, அவன் குரல் அவன் ஆட்களுக்குக் கேட்க வேண்டும். இந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே வெர்னாதான். சத்தம் போடுகிற புது ஆட்களின் தலையில் தன் தொப்பியாலேயே அடிப்பாள்.

அன்றைக்கு அந்த மகராசிக்கு எல்லாம் மறந்துபோனது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோடி ஓடி வந்ததுதான் தாமதம், எழுந்துவிட்டாள். "கோடீ! ஏ ராசா! என் கோடீ!" அவள் எழுந்தால் மூலையே எழும். மேளம், காலால் உதைக்கிற சத்தம், எல்லாரும் "கோடீ, கோடீ". நம் ஆட்கள் எங்கள் மூலையைப் பார்த்துத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோடி குனிந்து எண்ணுகிறான், முன்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடியன் குத்துமதிப்பாக அசைந்தான். மஞ்சள் துணி. அடுத்ததும் அப்படியே. கோடி எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான்.

வெர்னா என் விலாவில் இடித்தாள். "பாருய்யா லெஸ்டர், எனக்குக் கை காட்டுறான்!" என்று இவளும் இரண்டு கையையும் ஆட்டினாள். அடப் பாவமே.

இடைவேளையில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா வெர்னா, அது உனக்குக் காட்டின கை இல்ல. வாயை மூடுங்கன்னு காட்டின கை. அந்தப் பையன் பொழப்பை நீயே கெடுத்திருவ போலிருக்கு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. கையிலிருந்த காப்பியைக் குடிக்கவும் இல்லை. முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

பின்பாதி முழுக்கக் கழுத்துத் துண்டின் முனையை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் மூட்டிவிட்ட தீ அவள் ஒருத்தி அடங்கினால் அடங்குமா? கோடி இரண்டு அருமையான எறி எறிந்தான், அதில் மூலைக்கு இன்னும் வெறி ஏறியது. கடைசியில் நான்கு புள்ளி பின்தங்கி, இன்னும் ஒரே ஒரு எறிக்குத்தான் நேரம் என்ற நிலையில், எங்கள் மூலைக்கு முன்னால் இருந்த கோல் கோட்டுக்கு எட்டு கஜத்தில் வந்து நின்றார்கள். கோட்டுக்கு உள்ளே பந்தைப் பிடித்துவிட்டால் ஆறு புள்ளி, ஜெயம். ஜனம் குதிக்கிறது. கோடி ஹெல்மெட்டுக்குள் கத்துகிறான், முன்வரிசை திரும்பித் திரும்பி அவனைப் பார்க்கிறது. இன்னொரு மஞ்சள் துணி விழுந்தால் அவ்வளவுதான்.

வெர்னா துண்டைத் துப்பினாள். முட்டி வலிக்காரி, எப்படி ஏறினாளோ, முன்னால் இருந்த கம்பித் தடுப்பின்மேல் ஏறி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பதறிப்போய் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வாயை மூடுங்கடா எல்லாரும்! பிள்ளை பேசுறான்!"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மேளக்காரன் குச்சியோடு கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். வரிசை வரிசையாக அடங்கியது. அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் முறைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இவர்கள் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு எறியைக்கூடத் தவறவிடாதவள், இந்த எறிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

கோடியின் எண்ணிக்கை என் நல்ல காதுக்குத் தெளிவாகக் கேட்டது. முன்வரிசை ஒன்றாக எழுந்தது. பந்து உயர்ந்து வந்து எங்களுக்கு நேர் கீழே, கோட்டுக்கு உள்ளே, நம் ஆள் கையில் விழுந்தது.

வெர்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னய்யா ஆச்சு?" என்றாள், மெதுவாக. எனக்கு ஆனந்தக் கண்ணீர்தான் வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. கம்பியிலிருந்து என்மேலேயே விழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அன்று நான் சாசேஜ் வாங்கப் போனேன். வெர்னா தொண்டை கட்டிப்போய், டோக்கன் எண்ணை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரே பார்த்த எறியை நீ மட்டும் பார்க்கல. வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கரகரத்த குரலில் சொன்னாள். "எறியை டிவியில ஆயிரம் தரம் போடுவான்யா. அவன் குரலு என் முதுகுக்குப் பின்னாடி கேட்டுது, லெஸ்டர். காருக்குக் கேட்டிருக்கும்."