பூந்தமல்லியில் ரயில் கிடையாது

இரைச்சல் எனக்கு ஆகாது. வயதானதால் வந்த எரிச்சல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இளவட்டமாக இருந்தபோதே ஆகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். கொரட்டூரில் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, மூன்று போர்ஷன் கொண்ட ஒரு வீட்டின் நடுப் போர்ஷனில் குடியிருந்தேன். சத்தம் பிடிக்காதவன் அங்கே ஏன் வீடு பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு, வாடகை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வேன்.

சாப்பாட்டுக்குப் போக மிச்சச் சம்பளமெல்லாம் டேப் ரெகார்டருக்குத்தான் போனது. பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் செட் ஒன்று. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய செட் இன்னொன்று. இரண்டையும் ஒயரால் இணைத்தால் ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதிவு செய்யலாம். எங்கள் தெருவில் அப்போது அது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கறி வாங்கப் போயிருப்பார்கள். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டேப் உரசும் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் ஒருத்தருக்கும் ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் அசைக்க முடியாத கருத்து. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரர் ஸ்பீக்கரை ஒரு மண்பானை வாயில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பேஸ் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். பானைதான் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை என்றேன். அடுத்த வாரம் இன்னும் பெரிய பானையாக வாங்கி வைத்தார். பாட்டுப் பதிந்து தரும் கடைக்காரர் அவருக்கு மேல். கேசட்டில் இடம் பற்றவில்லை என்றால் கடைசிப் பாட்டைச் சரணத்துக்கு நடுவிலேயே வெட்டிவிடுவார். சண்டைக்குப் போனால், மீதிதான் உனக்கே தெரியுமே, பாடிக்கொள் என்பார். கம்பெனியில் யார் செட் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம் வந்து எது நல்லது என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்பார்கள். நானும் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்குவேன். கடைசியில் எதில் விளக்கு நிறைய மின்னுகிறதோ அதை வாங்கிக்கொண்டு போவார்கள். அது கெட்டுப்போனதும் மறுபடி என்னிடமே வருவார்கள். வயிற்றெரிச்சல்தான்.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. எஸ்டேட்டில் வெல்டராக இருந்த பாய், குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே சவுதிக்குப் போய்விட்டார். கொரட்டூர் ஸ்டேஷனில் பெட்டியோடு ரயிலேறி, சென்ட்ரல் போய், அங்கிருந்து பம்பாய் போய் விமானம் ஏறினார். வீட்டில் அவருடைய அம்மா, மனைவி, பெண் குழந்தை மூன்று பேர். அம்மாவை நான் பெரியம்மா என்பேன். மனைவியை அக்கா என்பேன். பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரே அடுப்பு, ஒரே குழாய். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை வாக்குவாதம் முற்றி அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சில நாளில் பெரியம்மாவே போய் அழைத்து வந்துவிட்டார் என்றாலும், அந்தச் சங்கதி கடல் தாண்டிப் பாய் காதுக்கும் போயிருந்தது.

போனது கேசட் வழியாகத்தான். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் அப்போது கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; பேசத் தெரியும், நன்றாகவே தெரியும். பேசிய கேசட்டை, பூந்தமல்லிப் பக்கம் லீவில் வந்து சவுதிக்குத் திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்த சின்ன டேப் ரெகார்டரைத் தரையில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தலைக்கு மேல் ஃபேன் டொக்கு டொக்கென்று அடிக்கும். குக்கர் விசில் போடும். ரயில் போகும். எஸ்டேட்டில் சங்கு ஊதும். எல்லாவற்றுக்கும் மேலே பெரியம்மாவின் இருமல். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் பல்லைக் கடிப்பேன். இப்படிப் பதிந்தால் அந்த மனிதருக்கு என்ன புரியும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஒருநாள் அவர்களுடைய செட்டின் மோட்டார் போய்விட்டது. உங்க செட்டுல பேசிக்கலாமா தம்பி என்று அக்கா வந்து கேட்டார். குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது, அது அத்தா என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று பாய் போன கேசட்டில் கெஞ்சியிருந்தாராம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது எனக்கு. கொரட்டூர் இதுவரை கேட்டிராத சுத்தமான கேசட் ஒன்றைச் சவுதிக்கு அனுப்பிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதமே எடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் என் அறையை ஸ்டுடியோ ஆக்கினேன். ஜன்னலுக்கு ஜமுக்காளம், கதவுக்கு மெத்தை. ஃபேனை நிறுத்தினேன். மைக்கை ஸ்பாஞ்சு மேல் நிறுத்தினேன். ஒருவர் பேச ஒருவர் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லி, கேசட்டில் அக்காவுக்கு ஒரு பக்கம், பெரியம்மாவுக்கு மறுபக்கம் என்று பிரித்தேன். அக்கா பேசும்போது பெரியம்மாவை வெளியே உட்கார வைத்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவேன். பேச்சை அப்படியே நிறுத்த வேண்டும். வியர்வையில் மூவரும் குளித்தோம். குழந்தைதான் ஒத்துழைக்கவில்லை. இருட்டிய அறையில் மைக்கைப் பார்த்ததும் அதற்கு வாய் பூட்டிக்கொண்டது. மிட்டாய் காட்டினேன், பாட்டுப் பாடினேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு என்னை முறைத்தது.

அப்புறம் தனியாக உட்கார்ந்து, ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு மாற்றும்போது இருமலையும் தும்மலையும் மிச்சமிருந்த ரயிலையும் பொறுக்கி எடுத்தேன். அரிசியில் கல் பொறுக்குவதைப்போல வேலை. முடித்துப் போட்டுக் கேட்டபோது எனக்கே புல்லரித்தது. அக்காவின் குரல் எதிரில் உட்கார்ந்து பேசுவதைப்போல இருந்தது. பின்னால் ஒரு ஈ பறக்கவில்லை. அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பதில் கேசட் சீக்கிரமே வந்துவிட்டது. அவர்கள் செட் இன்னும் ரிப்பேரில் இருந்ததால் என் அறைக்கே கொண்டுவந்தார்கள். என் பதிவைப் பற்றிப் பாய் ஏதாவது இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பார் என்று நானும் ஆசையாக உட்கார்ந்தேன். சலாம் சொன்னார். அம்மாவை விசாரித்தார். அப்புறம் குரல் வேறு மாதிரி வந்தது.

"எங்க கீற நீ? நெஜத்த சொல்லு. அந்த கேசட்டு நம்ம ஊட்ல பேசனது இல்ல. ஒரு ரயில் போவல. சங்கு ஊதல. நீ பேசற பக்கத்துல அம்மா ஒரு இருமல் இருமல. அம்மா பேசற பக்கத்துல நீ இல்ல. பூந்தமல்லியிலதான் ரயில் கெடையாது. மறுபடி உங்கம்மா ஊட்டுக்குப் பூட்டியா? புள்ள கொரலக்கூட மறைச்சுட்டீங்க. எனக்கு சோறு எறங்கல. பதில் வரலன்னா எல்லாத்தையும் உட்டுட்டு நான் கெளம்பி வந்துடுவேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். பாதியில் கிளம்பி வந்தால் மறுபடி அந்தக் கம்பெனிக்குப் போக முடியாது. அவர் அனுப்புவதில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. இது மூன்று பேருக்கும் தெரியும். நான் பரபரவென்று யோசனை சொன்னேன். நானே விவரமாக ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அவன் நம்ப மாட்டான் என்றார் பெரியம்மா. தந்தி அடிப்போமா என்றேன். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே, வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று விழுந்துவிடுவான் என்றார். டிரங்கால் போட அவர் தங்கியிருந்த இடத்தில் டெலிபோனே இல்லை. கேசட்டால் வந்ததைக் கேசட்டால்தான் தீர்க்க வேண்டும். கொண்டுவந்த ஆள் அந்த வாரமே திரும்பிப் போகிறார்.

அன்று சாயங்காலமே ஜப்பான் செட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழக்க தோஷம், நுழைந்ததும் கை ஃபேன் சுவிட்சுக்குப் போனது. அக்கா தடுத்துவிட்டார். "வேணாம் தம்பி. எல்லாம் ஓடட்டும்." ஜன்னல் கதவு இரண்டையும் அவரே விரியத் திறந்து வைத்தார். அடுப்பில் குக்கரை ஏற்றினார்.

பதிவு பட்டனை அழுத்தினேன். முதலில் நீ சொல்லு என்றார் பெரியம்மா. நீங்களே சொல்லுங்க மாமி என்றார் அக்கா. உன்னால்தான் என் பிள்ளை அங்கே சாப்பிடாமல் கிடக்கிறான் என்று பெரியம்மா ஆரம்பித்தார். நானா ரயிலை நிறுத்தினேன், இதோ இந்தத் தம்பிதான் எல்லாவற்றையும் அழித்தது என்று அக்கா என்னைக் கைகாட்டினார். என் மானமும் அந்தக் கேசட்டில் ஏறியது. இரண்டு பேரும் குரலை உயர்த்த, ஃபேன் தட்ட, குக்கர் சீற, பெரியம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான் பதிவு செய்ததிலேயே இதைவிட மோசமான ஒன்று கிடையாது.

அப்போது ஆவடி போகிற வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மூலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடியது. கம்பியைப் பிடித்து ஏறி நின்றுகொண்டு, வண்டியைப் பார்த்துக் கத்தியது.

"அத்தா! அத்தா, எறங்கு!"

ரயிலில் போன அத்தா ரயிலில்தான் வருவார் என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அது இப்படித்தான் கத்துமாம்; சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ரயில் இரைச்சல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அன்று ஜன்னலில் ஜமுக்காளம் கட்டி நான் அடைத்தது இதைத்தான். கடைசிப் பெட்டி போகும்வரை கூப்பிட்டது. செட்டில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் பதறிப்போய்க் குறைத்திருப்பேன். அன்று என் கை போகவில்லை.

வண்டி போனதும் அக்கா மைக் பக்கம் குனிந்தார். "கேட்டீங்களா? நாங்க ஊட்லதான் கீறோம்." ஒரு வார்த்தைகூட வெட்டாமல் அப்படியே கொடுத்தனுப்பினோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் மூவருக்கும் ஒருமாதிரி கழிந்தன. சாயங்கால வண்டியிலிருந்து இறங்கி யாராவது பெட்டியோடு எங்கள் சந்தில் திரும்பினால் பெரியம்மா எழுந்து நின்றுவிடுவார். மகன் வர வேண்டும் என்று அல்ல, வந்துவிடக் கூடாதே என்று ஒரு தாய் வாசலைப் பார்த்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். கம்பெனியிலிருந்து திரும்பும்போது நானும் அவர்கள் வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வருவேன்.

வந்தது ஆள் இல்லை, கேசட். மறுபடி என் அறையில் கூடினோம். பாய் அதிகம் பேசவில்லை. குழந்தை கூப்பிட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் டேப்பே சிக்கிக்கொண்டது, ரூமில் இருக்கும் மலையாளி ஒருவர்தான் சரிசெய்து கொடுத்தார் என்றார். காண்ட்ராக்ட் முடிந்துதான் வருவேன், நீங்கள் இரண்டு பேரும் தைரியமாகச் சண்டை போடுங்கள் என்றார். பெரியம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

"இது எங்க ரூமு. எப்பவும் வெளிய போய்தான் பேசுவேன். நான் எங்க கீறேன்னு நீங்களும் கேட்டுக்குங்க."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஹோவென்று ஒரு பெரிய ஏசியின் இரைச்சல் மட்டும் ஓடியது. நடுநடுவே யாரோ தட்டைக் கழுவினார்கள். வேற்று மொழியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி அந்த இரைச்சல். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் நிறுத்தப் போனேன். இருக்கட்டும் தம்பி என்றார் அக்கா.

அது என்ன சத்தம் என்று பெரியம்மா கேட்டார். ரூமைக் குளிர வைக்கும் மெஷின், அந்த ஊர் வெயிலுக்கு அதை நிறுத்தவே மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் செட்டுக்குப் பக்கத்தில் நகர்ந்து, காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"இவ்ளோ சத்தத்துல எம்புள்ள எப்டி நைனா தூங்குவான்?"

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் என் எதிரில்தான் இருந்தது. வால்யூம் குமிழைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். குழந்தை அக்காவின் மடியில் தூங்கிவிட்டிருந்தது. டேப் முடிந்து பட்டன் தானாக எழும்பிய பிறகும் எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.