ரத்தம் உறையாதவர்

திருவாரூரில் ரயில் ஏறியவர், என் எதிரே உட்காரும் முன் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

"காயம் பட்டா ரத்தம் நிக்காதுங்க. பிறவியிலேயே அப்படி. தாய்மாமனுக்கும் இதேதான்" என்றார்.

"மருந்து இல்லையா?"

"ரத்தம் ஏத்துவாங்க, அப்போதைக்கு நிக்கும். குணமாக்க முடியாதுன்னுட்டாங்க."

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு திருத்துறைப்பூண்டியில் நடக்கும் ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அங்க தடியடி நடந்தா?" என்று கேட்டேன்.

"நான் அருவா தொட முடியாது. எங்க அக்காதான் எனக்கும் சேர்த்து அறுக்குது. அதோட கூலிக்காக நான் ஊர்வலம் போகாம எப்படிங்க?"

கூலியை உயர்த்த நிலக்காரர்கள் ஒப்புக்கொண்டதாக மறுநாள் பேப்பரில் வந்தது. தடியடியில் காயம்பட்டவர்களின் பெயர்களும் கீழே இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் பெயரை நான் கேட்டிருக்கவேயில்லை.